அரிசிப் பையும் ரைபிளின் இரண்டு கால்களும்

எங்கள் வீட்டில் வேட்டை ரைபிள் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் இதை வாசிப்போரில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கீழக்கரையில் இருக்கும் உம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "மானையா சுடப் போறீங்க? ஜெயில்ல புடிச்சுப் போட்டுட மாட்டாங்களா வாப்பா?" என்பதுதான். அவர்களுடைய அச்சம் நியாயமானது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புள்ளிமானை வேட்டையாடுவது குற்றம். நாங்கள் வசிக்கும் டெக்சாஸில் அதே புள்ளிமானின் நிலை வேறு. 1932இல் இங்கே கொண்டுவந்து விடப்பட்ட அது, ஓக் மரங்களும் சுண்ணாம்புப் பாறைகளும் நிறைந்த ஹில் கன்ட்ரி என்னும் மேட்டுநிலத்தைத் தன் ஊராகவே ஆக்கிக்கொண்டது. அயல்நாட்டு விலங்கு என்பதால் தனியார் நிலத்தில் அதற்கு வேட்டைப் பருவமும் இல்லை. எண்ணிக்கை வரம்பும் இல்லை. நில உரிமையாளரின் அனுமதியும் அரசின் வேட்டை உரிமமும் இருந்தால் போதும்.

இவற்றையெல்லாம் விளக்கிய பிறகும் உம்மா, "கடையில கறி கிடைக்கலையா?" என்றார்கள். அதற்கு எங்களிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. ஹூஸ்டனில் ஹலால் இறைச்சிக் கடைகளுக்குக் குறைவே இல்லை. உண்ணும் எண்ணமின்றி, வெறும் பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைக் குறிபார்ப்பது எவ்வளவு பாரதூரமானது என்பதை நாங்கள் அறியாதவர்களும் அல்லர். எனினும், உடன் பணிபுரியும் ஒருவர் தம் மாமனாரின் பண்ணையில் புள்ளிமான்கள் பெருகி ஆடுமாடுகளுக்கான புல்லைத் தின்று தீர்க்கின்றன, வந்து ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழைத்தபோது, பதினேழு வயது நிரம்பிய எங்கள் மகன் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறந்தது முதல் பொதி செய்யப்பட்ட இறைச்சியை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை அவன். தட்டில் இருப்பது ஓர் உயிரிலிருந்து வந்தது என்பதை அவன் ஒருமுறையேனும் கண்ணால் காணட்டும் என்று நாங்கள் எண்ணினோம். அந்த எண்ணம் சரியா என்பதில் எங்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

முறைப்படிதான் தொடங்கினோம். இங்கே 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டையாட வேண்டுமானால் வேட்டையர் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். மூவரும் சேர்ந்து முடித்தோம். (தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி தொடர்பான கூட்டாட்சிச் சட்டம் தனி, அத்தகையோர் எதையும் தொடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்பது கட்டாயம்.) பழைய 308 ரைபிள் ஒன்றையும் சுமாரான ஸ்கோப் ஒன்றையும் வாங்கினோம். உரிமம், தோட்டா, பயிற்சித் திடலுக்கான கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் செலவு ஏறியது. இறுதியில் வாங்க வேண்டியிருந்தது பைபாட் ஒன்றுதான்.

பைபாட் என்பது ரைபிளின் முன்கட்டையில் பொருத்தப்படும் இரண்டு கால்கள் கொண்ட தாங்கி. கையால் பிடித்த ரைபிள் நம் மூச்சோடும் நாடித் துடிப்போடும் சேர்ந்து அசையும். ஸ்கோப்பின் குறுக்குக் கோடு மானின் தோளிலிருந்து வயிற்றுக்கும் வயிற்றிலிருந்து தோளுக்குமாக அலைவதைக் கண்டவர்களுக்கு அதன் அருமை புரியும். இரண்டு கால்களைத் தரையில் ஊன்றிப் படுத்துவிட்டால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி அடங்கிவிடும். இதை அறிந்திருந்தும், நாங்கள் அதற்காக ஒதுக்கியது மிச்சமிருந்த நாற்பது டாலரைத்தான். 32 டாலருக்கு ஒன்று கிடைத்தது. பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கால்கள் வழவழப்பாக நீண்டு சுருங்கின. ஒரு சிறு திருகைத் திருப்பினால் விரும்பிய உயரத்தில் நின்றன. பயிற்சித் திடலின் கான்கிரீட் மேசையில் வைத்து 100 கஜத்தில் ஐந்து முறை சுட்டதில் ஐந்து துளைகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. மகன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த ஆண்டின் மே மாதம், ஜங்ஷன் என்னும் சிற்றூருக்கு அருகே, தெற்கு லானோ ஆற்றின் கரையில் அமைந்த அந்தப் பண்ணைக்குச் சென்றோம். அஸர் தொழுதுவிட்டு ஒரு சரிவின் மேல் படுத்துக் காத்திருந்தோம். வெயில் சாய்ந்தபோது ஓக் மரங்களின் நிழலிலிருந்து மான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஊரில் படங்களில் மட்டுமே கண்ட அந்த வெள்ளைப் புள்ளிகளை இத்தனை ஆயிரம் மைல்களுக்கு அப்பால், அந்நிய மண்ணில் காண்பது விந்தையாகவே இருந்தது. ஒரு பெண்மான் கூட்டத்திலிருந்து விலகி, வலப்பக்கம் முகம் வைத்து நின்றது. தொலைவு ஏறத்தாழ 130 மீட்டர்.

சரிவு இடப்புறமாகத் தாழ்ந்திருந்தது. எங்கள் பைபாட் பக்கவாட்டில் சாயும் வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே ரைபிளை மட்டமாக வைக்க மகன் இடக்காலை மட்டும் சற்று அதிகமாக நீட்டித் திருகை இறுக்கினான். தோளை முன்னே கொடுத்து அழுத்தினான். "பிஸ்மில்லாஹ்" என்று அவன் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. விசை அழுந்திய அதே நொடியில் அந்த இடக்கால் சறுக்கியது. மிகச் சிறிதுதான், அருகில் படுத்திருந்த எங்கள் கண்ணுக்கே அது புலப்படவில்லை. மான் துள்ளவில்லை, விழவில்லை. முதுகைக் கூனிக் குறுக்கிக்கொண்டு, ஆற்றை நோக்கி ஓடி மறைந்தது.

முதுகைக் கூனினால் தோட்டா வயிற்றில் பட்டிருக்கிறது என்று பொருள் என்பதைப் பண்ணைக்காரப் பெரியவர்தான் சொன்னார். இப்போது பின்தொடர்ந்தால் அது இன்னும் தொலைவுக்கு ஓடும், விட்டுவிட்டால் அருகிலேயே எங்கேனும் படுத்துவிடும், விடியட்டும் என்றார். அன்றிரவு பண்ணை வீட்டில் மகன் எதையும் உண்ணவில்லை. இஷாவுக்குப் பிறகு நெடுநேரம் விரிப்பிலேயே அமர்ந்திருந்தான். வெளியே இருட்டில் ஓர் உயிர் வயிற்றில் தோட்டாவோடு கிடக்கிறது, அதை அங்கே கிடத்தியவர்கள் நாங்கள் என்ற நினைவு எங்கள் மூவரையும் உறங்கவிடவில்லை. அறுக்கும்போதும் கொல்லும்போதும் கூட அழகிய முறையைக் கையாள வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலைச் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். குர்பானி நாள்களில் கத்தியைத் தீட்டுவதோடு அது முடிந்துவிடுவதாகவே அதுவரை நினைத்திருந்தோம்.

ஃபஜ்ருக்குப் பின் தடம் பார்த்துச் சென்றோம். இரத்தம் மிகக் குறைவு. அங்கங்கே இலைகளில் இரைப்பையிலிருந்து வழிந்த பசும்பழுப்புக் கசிவு. அந்தத் தடம் எங்களை ஆற்றுக்கே இட்டுச் சென்றது. கரையோரப் பள்ளத்தில், முழங்கால் அளவு நீரில், தலை அமிழ்ந்தபடி மான் இறந்து கிடந்தது. கையில் எடுத்துச் சென்ற கத்திக்கு வேலை இருக்கவில்லை.

"வாப்பா, இது ஹலாலா?" என்று மகன் கேட்டான்.

வேட்டைப் பிராணி நீரில் விழுந்து இறந்து கிடக்கக் கண்டால், அதைக் கொன்றது நீரா அம்பா என்பது உறுதியில்லாததால் உண்ண வேண்டாம் என்று அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் இமாமிடம் அதைப் படித்திருந்தோம். தோட்டா நெஞ்சில் பட்டு, மான் அங்கேயே சாய்ந்து, பிறகு உருண்டு நீரில் விழுந்திருந்தால் கூட வேறு பேச்சுக்கு இடம் இருந்திருக்கலாம். எங்களுடையது வயிற்றுக் காயம். அது உயிரோடுதான் நீரில் இறங்கியது. ஐயத்துக்கே இடமில்லாத ஐயம். பெரியவர் கயிறு கட்டி மானைக் கரைக்கு இழுத்தார். அதை என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஹூஸ்டன் வரையிலான ஐந்து மணி நேரப் பயணத்தில் குளிர்பெட்டிக்குள் இருந்த பனிக்கட்டிகள் குலுங்கும் ஓசை மட்டுமே கேட்டது.

குற்றம் மகனுடைய கையிலா, கருவியிலா என்று எங்களுக்கு அப்போது தெரியாது. தன் கைதான் என்று அவன் முடிவு செய்துவிட்டான். எங்களில் ஒருவருக்கு அது ஒப்பவில்லை. ஊர் திரும்பிய மறுநாள், ரைபிளில் தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்து, பின்பூட்டையும் கழற்றி வைத்துவிட்டு, கார் நிறுத்தும் அறையின் தரையில் பைபாட்டின் கால்களை நீட்டி நிறுத்தினோம். நீண்ட காலின் மேல், அது உறைக்குள் நுழையும் இடத்தில், ஒரு துண்டு ஒட்டுநாடாவை அடையாளமாகச் சுற்றினோம். சமையலறையிலிருந்து 10 பவுண்டு அரிசிப் பை ஒன்றைக் கொண்டுவந்து ரைபிளின் முன்கட்டை மேல் கிடத்தினோம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது ஒட்டுநாடா உறையின் விளிம்பில் சுருண்டு மடிந்திருந்தது. கால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே இறங்கியிருந்தது. மகனை அழைத்துக் காட்டினோம். அவன் குனிந்து பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, அரிசிப் பையைத் தூக்கி மீண்டும் சமையலறையில் கொண்டுபோய் வைத்தான்.

பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பைபாட்டுக்கும் தோளுக்கும் இடையே ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். முன்பக்கம் ஒரே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால், 130 மீட்டர் தொலைவில் தோட்டா 18 சென்டிமீட்டருக்கும் மேல் விலகும். ஒரு கால் இரண்டு மில்லிமீட்டர் சறுக்கினாலே நடுவில் அந்த ஒரு மில்லிமீட்டர் தாழ்வு வந்துவிடும்; சறுக்கிய பக்கமாகக் குழலும் சாயும். மானின் நெஞ்சில் நாம் தவறாமல் பட வேண்டிய வட்டத்தின் குறுக்களவே 20 சென்டிமீட்டர்தான். எங்கள் மான் வலப்புறம் நோக்கி நின்றது. குழல் சாய்ந்ததோ இடப்புறம். மேசையில் சுட்டபோது இந்தக் குறை ஏன் தெரியவில்லை என்றால், அங்கே கால்களை நீட்டவும் இல்லை, தோளைக் கொடுத்து அழுத்தவும் இல்லை. காட்டில் நிகழப்போவதை ஒத்த சோதனை எதையும் நாங்கள் செய்திருக்கவில்லை.

மலிவான பைபாட் வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 300 டாலருக்கு மேல் விலையுள்ளவை இருக்கின்றன. போட்டிகளில் சுடுவோருக்கு அவை தேவைப்படலாம். ஆண்டுக்கு இரண்டு தோட்டா செலவழிக்கும் குடும்பத்துக்குத் தேவையில்லை. 80 முதல் 150 டாலருக்குள்ளேயே தக்கது கிடைக்கும். பார்க்க வேண்டிய முதல் அம்சம், கால்கள் எவ்வாறு பூட்டிக்கொள்கின்றன என்பது. திருகின் இறுக்கத்தை மட்டுமே நம்பி நிற்கும் வழவழப்பான காலைவிட, வெட்டுப்பள்ளங்கள் கொண்ட கால் மேலானது. பள்ளத்தில் விழுந்த பூட்டு, அதை நாம் விடுவிக்கும்வரை நகராது. இரண்டாவது, பக்கவாட்டில் சாயும் வசதி. சரிவில் ஒரு காலைக் கூட்டி ஒரு காலைக் குறைத்துத் தடுமாறாமல், ரைபிளை மட்டும் சாய்த்து மட்டப்படுத்திக்கொள்ளலாம். கென்டக்கி மாநிலத்தின் ஹாரிஸ் பைபாட்டுகளில் ‘எஸ்’ எழுத்தோடு தொடங்கும் வகைகள் சாயும். அவற்றில் வெட்டுப்பள்ளக் கால்கள் உள்ளவையும் உண்டு. துப்பாக்கிக் கடையின் பழம்பொருள் அலமாரியில் அத்தகைய ஒன்றை 80 டாலருக்கு வாங்கினோம். வண்ணம் உரிந்திருந்தது. விற்பனையாளர் முன்னிலையிலேயே ரைபிளில் பொருத்தி, எங்களில் ஒருவர் முன்கட்டையின் மேல் இரு கைகளையும் ஊன்றி அழுத்த, அவர் சிரித்தார்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இங்கே தவறுகிறார்கள். 6 முதல் 9 அங்குலம் வரையிலான குட்டைக் கால்கள் மேசைக்கும் சமதரைக்கும் உரியவை. சரிவில் படுப்போருக்கு 9 முதல் 13 அங்குலம் பொருந்தும். நாங்கள் எடுத்தது அதுவே. அமர்ந்தபடி சுடுவதற்கென்று 27 அங்குலம் வரை நீளும் வகையும் உண்டு. கால் நீள நீள ஆட்டமும் கூடும், எடையும் கூடும் என்பதால் எங்களுக்கு அதில் விருப்பமில்லை. இடுப்பளவு புல் வளர்ந்த நிலத்தில் எந்தப் பைபாட்டும் உதவாது. அங்கே இரண்டு மூங்கில் கழிகளைச் சைக்கிள் டியூப்பின் துண்டால் மேற்பகுதியில் பிணைத்துக் கத்தரிபோல் விரித்து, அதன் கவையில் ரைபிளை வைத்துக்கொள்ளலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மேடைக் கூண்டுக்குள் அமர்ந்து சாளரம் வழியாகச் சுடுவோருக்கும் பைபாட் வீண் சுமைதான். சாளரக் கட்டையின் மேல் ஒரு மணல்பை போதும். படுத்துச் சுடுபவருக்குக்கூட, கையில் 30 டாலர் மட்டுமே இருக்குமானால், அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முதுகுப்பையைத் தரையில் கிடத்தி அதன் மேல் ரைபிளை வைத்துச் சுடுவது எவ்வளவோ மேல்.

புதிய பைபாட் வந்த பிறகு வேறொரு கோளாறு வெளிப்பட்டது. விலை குறைந்த ரைபிள்களில் கட்டை பெரும்பாலும் நெகிழியால் ஆனது. பைபாட்டின் மீது சாய்ந்து அழுத்தும்போது அந்த முன்கட்டை வளைந்து, எதையும் தொடாமல் தனித்து நிற்க வேண்டிய குழலைத் தொட்டுவிடுகிறது. அப்படித் தொட்டால் தோட்டா விழும் இடம் மாறும். கண்டறிவது எளிது: குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை நுழைத்து, மற்றொருவர் ரைபிளை வேட்டையில் அழுத்துவதுபோல் அழுத்தும்போது, இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் காகிதம் சிக்கிக்கொண்டது. உப்புத்தாளைச் சிறு உருளையில் சுற்றி, கட்டையின் உட்புறத்தை இரண்டு மாலைகள் தேய்த்த பிறகே அது தடையின்றி ஓடியது. அதன்பின் பைபாட்டோடு, தரையில் படுத்தபடியே, ஸ்கோப்பைப் புதிதாகச் சரிசெய்தோம். மேசையில் சரிசெய்த குறிக்கும் தரையில் படுத்துச் சுட்ட குறிக்கும் மூன்று விரற்கடை வேறுபாடு இருந்தது.

பயன்படுத்தும் முறையில் எங்களுக்குக் கைகொடுத்தவை சில. தோளைப் பின்னுக்கு வைக்காமல் மெதுவாக முன்னே கொடுத்து, இரண்டு கால்களும் தரையைக் கவ்வுமாறு அழுத்தமாகவும் சீராகவும் இருக்க வேண்டும். பின்கட்டைக்குக் கீழே பழைய காலுறை ஒன்றில் அரிசி நிரப்பி முடிந்து வைத்தோம்; அதை இடக்கையால் பிசைந்தால் குறுக்குக் கோடு மயிரிழையாக ஏறும், விட்டால் இறங்கும். (பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி நன்றாக அடங்குகிறது என்பது எங்கள் வீட்டின் துணிபு.) சுண்ணாம்புப் பாறையின் மேல் கால்களை நேரடியாக ஊன்றினால் பின்னுதையில் ரைபிள் துள்ளும். அடியில் மெத்தென்று எதையேனும் விரிக்க வேண்டும். பயிற்சியின்போது மகன் காரிலிருந்து தொழுகை விரிப்பை எடுத்து வந்துவிட்டான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். இப்போது அதற்கென்றே பழைய துண்டு ஒன்று பையில் இருக்கிறது. கால்களை விரிக்கும்போது கம்பிச்சுருள் ‘டக்’கென்று ஓசையெழுப்பும். புள்ளிமானுக்கு அந்த ஓர் ஓசை போதும். ஒன்று கூவினால் கூட்டமே போய்விடும். கையால் பிடித்து மெல்ல விரித்துப் பழக வேண்டும்.

தோட்டாவால் இறந்த பிராணியைப் பற்றியும் ஒரு சொல். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தோட்டா அடித்துக் கொல்கிறது, அம்பைப்போல் அறுப்பதில்லை. ஆகவே உயிரோடு கையகப்படுத்தி அறுத்தால் மட்டுமே உண்ணலாம் என்போரும் இருக்கிறார்கள். துளைத்து ஊடுருவும் தோட்டா அம்பைப் போன்றதே என்று அனுமதிப்போரும் இருக்கிறார்கள். நாங்கள் எங்கள் இமாமிடம் கேட்டு அவர் சொன்னதன்படி நடக்கிறோம்; நீங்கள் உங்களுக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எக்கருத்தை ஏற்றாலும், விரைந்து சென்றடைவதும், உயிர் இருந்தால் உடனே அறுப்பதும் நம் பொறுப்பு. தோட்டா பட வேண்டிய இடத்தில் பட்டால்தான் அதற்கு வழியே உண்டு.

அடுத்த ஆண்டு மீண்டும் சென்றோம். மகன் வர மறுப்பான் என்று நினைத்தோம். அவனே நாளைக் குறித்தான். முதல் மாலை, கூட்டமொன்று 150 மீட்டரில் வந்து நின்றது. அவன் படுத்தான், கால்களை விரித்தான், துண்டை இழுத்துவிட்டான், காலுறையைப் பிசைந்தான். நெடுநேரம் ஸ்கோப்பில் கண் வைத்திருந்தான். பிறகு பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டு, பின்பூட்டைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்தான். "வலக்காலுக்குக் கீழே கல் ஆடுது" என்றான். எங்கள் இருவருக்கும் அந்த ஆட்டம் தெரியவில்லை. மான்கள் போய்விட்டன. பண்ணைக்காரப் பெரியவர் இரவு உணவின்போது ஏன் சுடவில்லை என்று கேட்டார், கல்லைப் பற்றிச் சொன்னோம், தலையசைத்தார்.

மறுநாள் காலை, 110 மீட்டரில், கல் ஆடவில்லை. மான் நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டு கூட வைக்கவில்லை. நாங்கள் மூவரும் ஓடினோம். மகன் முந்திச் சென்றான். உயிர் இன்னும் இருந்தது. எங்களில் ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் தக்பீரோடு அறுத்தோம். மகனின் கைகள் அதன் பிறகுதான் நடுங்கத் தொடங்கின.

இறைச்சியை மூன்றாகப் பங்கிட்டு, ஒரு பங்கை எங்கள் பள்ளிவாசலில் வாடிக்கையாகச் சந்திக்கும் இரண்டு குடும்பங்களுக்கும், இன்னொரு பங்கை அந்தப் பெரியவருக்கும் கொடுத்தோம். அவர் தயங்கிப் பிறகு வாங்கிக்கொண்டார். புள்ளிமான் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டுக்கறிக்கு வைப்பதுபோல் நெடுநேரம் கொதிக்கவிட்டால் நார்நாராகிவிடும் என்பதை முதல் சமையலில் கற்றோம். இரண்டாவது முறை தயிரில் ஓர் இரவு ஊறவைத்து, நெய்ச்சோற்றுக்குக் குறைந்த தீயில் ஆணமாக வைத்தோம். கார் நிறுத்தும் அறையில் அந்த ஆண்டின் சோதனைக்குப் பயன்பட்ட 10 பவுண்டு அரிசிதான் அன்று உலையில் ஏறியது.

உம்மாவுக்குத் தொலைபேசியில் படம் அனுப்பினோம். சட்டம், சிறை பற்றி அவர்கள் ஏதும் கேட்கவில்லை. "அவன் சாப்புட்டானா?" என்று மட்டும் கேட்டார்கள். சாப்பிட்டான் என்றோம்.